கழற்றி வைத்த சப்பாத்துகள்

கதவுக்குள்ளே, மிதியடியின் ஓரத்தில், ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது. ஆண்பிள்ளைச் சப்பாத்து. பழுப்புத் தோல், விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. லண்டன் ஹரோவில் இருந்த சயந்தினியின் வீட்டில் ஆண் என்று எவரும் இல்லை.

தன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தவள், கையிலிருந்த கடைப் பையை இறக்காமலே நின்றாள். மார்கழி மாதம், பின்னேரத்திலேயே வெளியே இருட்டிவிட்டது. தோட்டங்களுக்குப் பின்னால் மெட்ரோபொலிட்டன் ரயில் ஒன்று தண்டவாளத்தை அரைத்துக்கொண்டு போக, நடையில் இருந்த கண்ணாடி அலுமாரிக்குள் குவளைகள் வழக்கம்போல ஒன்றோடொன்று உரசி, நடுங்கி, ஓய்ந்தன. அது ஓய்ந்த பிறகு, கறித்தூள் மணக்கவேண்டிய வீட்டுக்குள் பாசி பிடித்த கல்லின் ஈர மணம் மெல்ல எழுந்து வந்தது.

மகள் ஜதுர்ஷிகாவின் நண்பன் எவனோ மறந்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைக்கப் பார்த்தாள். ஆனால் ஜதுர்ஷிகா மால்டாத் தீவுக்குப் போய்விட்டாளே. காலையில் இது இங்கே இல்லையே.

மகளை அங்கே அனுப்பியது சயந்தினியின் கட்டுரைதான். 'இந்தக் குளிர்காலத்தில் மால்டாவில் பார்க்கவேண்டிய ஓவியக் கண்காட்சிகள்' என்று ஒரு பயண இதழுக்கு எழுதியிருந்தாள். மால்டா மண்ணை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை. கண்காட்சிக்காரர் அனுப்பும் படங்களைச் சமையலறை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, போய்வந்தவள் போல எழுதுவது அவள் தொழில். "அம்மா எல்லா இடமும் பாத்தவ" என்று மகள் பெருமையடித்தபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

கட்டுரையில் முதலாவதாக வந்தது, மால்டாவின் வலெட்டா நகரில், பழைய கல் மாளிகை ஒன்றின் நிலவறையில், ஒரே ஓவியம். சுவர் முழுவதும் வரைந்த இருண்ட நடை. அதன் முடிவில் ஒரு மாடிப்படி. புகைப்படத்தில் வாசலைப் பார்த்ததும் சயந்தினியின் கை தன்பாட்டில் எழுதிவிட்டது: 'சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு இறங்குங்கள். வெறுங்காலோடு வருபவரைத்தான் அந்த அறை ஏற்றுக்கொள்ளும்.' சப்பாத்துக் காலோடு எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து பழகாதவளின் கை. அங்கே அப்படி ஒரு விதி உண்டா என்று அவள் கேட்கவேயில்லை.

கைபேசி அடித்தது. அந்தக் கண்காட்சியின் பொறுப்பாளர் பியற்றிஸ். வணக்கம்கூட இல்லாமல் ஆங்கிலத்தில் வெடித்தாள்.

"சப்பாத்தைக் கழற்றச் சொல்ல உனக்கு யார் அதிகாரம் தந்தது?"

"அது... ஒரு மரியாதைக்கு..."

"யாருக்கு மரியாதை? உன் கட்டுரையை வாசித்தவர்கள் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள். ஒருவரும் ஏறி வரவில்லை. வாசலில் சப்பாத்துகளும் இல்லை. நிலவறைக் கதவைப் பூட்டிப் பார்த்தோம், பூட்டு நிற்கவில்லை. நீ இங்கே வந்தாயா? உண்மையைச் சொல்!"

சயந்தினி கடைப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"வந்தேன்."

"பொய்க்காரி." தொடர்பு அறுந்தது.

அவள் திரும்பினாள். மிதியடியில் இடமில்லை. குதி உயர்ந்த கறுப்புச் சப்பாத்து. முதியவர் அணியும் பட்டி வைத்த சப்பாத்து. ஒரு குழந்தையின் சின்னஞ்சிறு வெள்ளைச் சப்பாத்து. எல்லாம் ஈரம். எல்லாவற்றின் நுனியும் மாடிப்படியைப் பார்த்தபடி.

மேல்மாடியில் பலகை முனகியது. வெறுங்கால். ஒன்றல்ல.

மகளை வீடியோவில் அழைத்தாள். ஜதுர்ஷிகாவின் முகம் தெரிந்தது, பின்னால் கல்சுவர்.

"ஜது! எங்க நிக்கிறாய்?"

"நீங்கள் எழுதின இடத்திலதான் அம்மா. டிக்கெட் கவுண்டர்ல ஒருத்தரும் இல்லை. கதவு திறந்து கிடக்கு, நான் இறங்கிட்டன்."

"ஏறு! உடன வெளியில வா!"

"என்ன விளையாட்டு? 'தவறவிடாதேங்கோ' எண்டு ஊருக்கே எழுதிப்போட்டு, பெத்த பிள்ளையைப் போகாதை எண்டுறியள். எழுதினது நீங்கள்தானே?" ஜதுர்ஷிகா சிரித்தாள்.

"நான் அங்க வரேல்லையடி. ஒண்டும் பாக்கேல்லை. எல்லாம் பொய்."

சிரிப்பு நின்றது.

"பொய்யோ?" மகளின் குரல் இறங்கியது. "அப்ப எங்கட வீட்டை இவையள் எப்பிடி வரைஞ்சவை? குவளை அலுமாரிகூட இருக்கு. நீங்களும் நிக்கிறியள் அம்மா. கையில பையோட."

"ஓடி வா, பிள்ளை!"

"சப்பாத்தைக் கழட்டிட்டன். நிலம் ஐஸ் மாதிரி... அம்மா, பெயின்ட் காயேல்லை. காலை எடுக்க ஏலாம..."

திரை கறுத்தது.

ரயில் எதுவும் போகவில்லை. குவளைகள் நடுங்கின.

சயந்தினி குனிந்தாள். மிதியடியில், எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு சோடிச் சிவப்புப் பூட்ஸ். மகளின் பிறந்தநாளுக்கு அவளே வாங்கிக் கொடுத்தது. கையை உள்ளே விட்டாள். இன்னும் சூடு இருந்தது.

படியில் சத்தம். ஈரச் சத்தம்.

நிமிர்ந்தாள். இருட்டிலிருந்து பாதங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆண் பாதம். கிழப் பாதம். குழந்தைப் பாதம். எல்லாவற்றுக்கும் முன்னால், நகங்களில் நீலப் பூச்சோடு, அவள் பெற்ற பாதங்கள். கடைசிப் படியில் வந்து நின்றன. முழங்காலுக்கு மேலே எதுவும் இல்லை. தூரிகை இழுத்த இருட்டு மட்டும், இன்னும் காயாமல், சொட்டிக்கொண்டு.