கிணற்றின் மேல் கட்டிய மன்றம்

திருத்தணி பேருந்து நிலையத்தில் இறங்கிய கவிப்பிரியா, ஆட்டோவில் ஏறி "புது மன்றம்" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கட்டடத்துக்கு ஊரில் யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை. மலைக்குத் தெற்கே, பூசாத சாம்பல் நிறக் கான்கிரீட்டில், ஒரு ஜன்னல்கூட இல்லாமல், கவிழ்த்து வைத்த அண்டா போல நின்றது. அதைப் பார்க்கவென்றே வெளியூர்களிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. அது நிற்கும் நிலம் அவளுடைய அம்மா எல்லம்மாளுடையது.

தர மாட்டேன் என்று கடைசிவரை நின்றவள் எல்லம்மாள். பொக்லைன் வந்த அன்று கவிப்பிரியா ஸ்ரீபெரும்புதூரில் வேலையில் இருந்தாள். செய்தி கேட்டு ஓடிவந்தபோது நிலத்திலிருந்த கிணறு மூடப்பட்டிருந்தது. அம்மாவைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு திருப்பதிக்குப் போய்விட்டாள் என்றார் மன்றத்தைக் கட்ட வந்த காண்டிராக்டர் ராஜகோபால். போலீஸில் அவள் கொடுத்த புகாரும் அதோடு நின்றுபோனது. எருமைக்குத் தண்ணீர் காட்டாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாதவள் திருப்பதிக்குப் போனாளாம்.

உள்ளே நுழைந்ததும் மலைக்கோயில் ஒலிபெருக்கிச் சத்தம் சட்டென்று அறுந்தது. வட்டமான கூடம் படிப்படியாகக் கீழே இறங்கியது. உச்சியிலிருந்த ஒரே துவாரத்தின் வழியாக உச்சிவெயில் அடித்தரையில் விழுந்தது. சிமென்ட் வாடைகூடப் போகாத அந்தக் கட்டடத்தில் பாசி நாற்றம் அடித்தது.

கீழே ராஜகோபால் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இங்கே இருந்த பழைய கிணற்றின் வடிவத்தையே கட்டடமாக்கினோம், நடுவில் நின்று முணுமுணுத்தால் மேல்வரிசை வரை கேட்கும் என்று பெருமையடித்துக்கொண்டார்.

அவள் இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"எங்கம்மா எங்க?"

அவர் மாணவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, எத்தினி வாட்டி சொல்றது? நான்தான் திருப்பதி பஸ்ல ஏத்தி வுட்டேன்."

அந்தப் பேச்சு சுவரோடு சுற்றி வந்தது. முதல் சுற்றில் அவருடைய குரல். அடுத்த சுற்றில் அது தேய்ந்தது.

அதற்கடுத்து வந்தது ஒரு பெண்ணின் குரல்.

"கவி... நான் இங்கதான் கீறேன்."

யாரும் அசையவில்லை.

தரைக்கு அடியில் ஒரு கல் உருண்டு விழுந்தது. தொடர்ந்து மண். வாரி வாரிக் கொட்டும் மண்ணின் சத்தம்.

"கெணத்துப் படியில உக்காந்துகினு கத்தினேன். இவன் கேட்டுகினே மண்ணு கொட்னான்."

மாணவர்கள் மேல்படிகளுக்கு ஓடினார்கள். கவிப்பிரியா ராஜகோபாலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"கேட்டியா, இல்லியா? சொல்லுடா."

அவர் வாயைத் திறந்தார்.

வார்த்தை வரவில்லை. ஈரமான செம்மண் வந்தது.

கட்டி கட்டியாக அது மார்பில் வழிந்தது. அவர் மண்டியிட்டு, தரையைச் சுட்டிக்காட்டி, ஆமென்று தலையாட்டினார். மேலே நின்றவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

போலீஸ் வந்து தரையை உடைத்துத் தோண்டியபோது எல்லம்மாள் கிடைத்தாள். கிணற்றுப் படியில் உட்கார்ந்தபடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தியிருந்தாள். கவிப்பிரியா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொள்ளி வைத்தாள். சிறைக்குப் போன ராஜகோபால் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள் மருத்துவர்கள்.

குழியை மூடுகிற அன்று கவிப்பிரியா போயிருந்தாள். பொக்லைன் முதல் மண்குவியலைத் தள்ளியது.

"நிறுத்துங்க... நான் உள்ள கீறேன்."

ஆழத்திலிருந்து வந்தது. ஆண் குரல். ராஜகோபாலின் குரல்.

ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கவிப்பிரியா விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். வெயில் அடிவரை இறங்கியிருந்தது. குழியில் ஒருவரும் இல்லை.

இன்னா செய்யட்டும் என்று ஓட்டுநர் மெல்லக் கேட்டார்.

"கொட்டுங்க" என்றாள்.

மண் விழ விழக் குரல் கெஞ்சியது, கதறியது. குழி நிரம்பித் தரை மட்டமான பிறகும் அது கத்திக்கொண்டேதான் இருந்தது.