பேர் சொல்லிக் கூப்பிடும் தோட்டம்

"உக்காருங்க தாத்தா."

சொல்லிவிட்டு எழுந்து நின்றாள் டொரீன். கம்பியைப் பிடித்தபடி முதுகைக் காட்டி நின்றவரின் தலை அப்படி வெளுத்திருந்தது... வெடித்த இலவம்பஞ்சு மாதிரி. வெளியே மழை. கோலசிலாங்கூரிலிருந்து சபாக் போகும் அந்த பஸ்ஸில் மீன்கூடைக்கும் மனிதனுக்கும் பேதம் பார்க்காமல் ஏற்றியிருந்தார்கள்.

தாத்தா திரும்பினார்.

அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. வெள்ளைத் தலைக்குக் கீழே கருகருவென்று மீசை! சுருக்கம் விழாத முகம். மழைத்துளி ஒட்டிய இமைகள். அவற்றுக்குள்ளே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்...

'மாதாவே! இது தாத்தா இல்ல...'

"பரவால்ல பாட்டி, நீங்களே உக்காருங்க. தள்ளாத வயசுல நிக்கக் கூடாது" என்றான் அவன்.

பாட்டியா! பாசிர் பெனம்பாங்கில் ஏறிய மீன்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். டொரீனின் காது சிவந்தது. அதற்குப் பிறகு அவளும் உட்காரவில்லை, அவனும் உட்காரவில்லை. காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துப் பொறுக்காமல் மீன்காரம்மா தன் கூடையைத் தூக்கி அங்கே வைத்தாள். தஞ்சோங் காராங் தாண்டியும் ஒரு கூடை கெம்போங் மீன் சொகுசாகப் பயணம் செய்தது. ரோஷமுள்ள இருவர் அதற்குக் காவல் நின்றார்கள்.

தோட்டத்து முச்சந்தியில் அவள் இறங்கினாள். பின்னாலேயே அவனும் இறங்கினான். மழை வலுத்தது. அவன் குடையை விரித்து, அவள் தலைக்கு மேல் நீட்டினான்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

"பெரியவங்கள நனைய விடக் கூடாதுன்னு வளத்துட்டாங்க."

"எனக்குக் குடை வேணாம் லா!"

"சரி, அப்ப வழியாவது சொல்லுங்க. பிராக்டன் தோட்டத்து ஆபீசு எந்தப் பக்கம்? திங்கக்கிழமை நான் அங்க வேலைக்குச் சேரணும். புதுப் பெரிய கிராணி. பேரு ராஃபேல். உலு யாம்லேருந்து வர்றேன்."

டொரீன் நின்றுவிட்டாள். அந்த ஆபீசின் டைப்பிஸ்ட் அவள்தான். பெரிய கிராணி என்றால் தலைமை எழுத்தர். அவன் எழுதுவதைத்தான் நாள் முழுக்க அவள் தட்ட வேண்டும்!

அந்த ஆபீசில் அப்போது ஒரு சமுதாயப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் மேனேஜர் ஆர்தர் துரை. ஜப்பான்காரன் எப்படி வேலை செய்கிறான் பார் என்று நாடே கிழக்கே திரும்பியிருந்த எண்பதுகள் அவை. துரையும் கோலாலம்பூர் ஓட்டல் ஒன்றில் ஏர்கண்டிஷனில் உட்கார்ந்து பயிற்சி பெற்று, சளியோடும் ஞானத்தோடும் திரும்பியிருந்தார். சளி சீக்கிரம் போய்விட்டது. ஞானம் சுற்றறிக்கையாகச் சுவரில் ஏறியது.

ஆபீசில் இனி யாரும் யாரையும் அண்ணன், அக்கா, தம்பி, தாத்தா என்று வயதைக் காட்டி அழைக்கக் கூடாது. வயதைக் கேலி செய்யக் கூடாது. துரை முதல் கூட்டுபவர் வரை எல்லாரும் சமம். மிஸ்டர், மிஸ் போட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். மீறியவர் அன்று மாலை எல்லாருக்கும் தேநீர் கலக்க வேண்டும்.

துரையைக் கோயில் திருவிழாவில் ஒரு புதுப்பெண் 'பெரியப்பா' என்று கூப்பிட்டதால் வந்த ஞானம் இது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். லயத்தில் எதைத்தான் பேசவில்லை?

டொரீனுக்கு மட்டும் உள்ளூர மகிழ்ச்சி. வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. 'டைப்ரைட்டரும் டொரீனும் ஒண்ணா வேலைக்குச் சேந்தவங்க, ரெண்டுக்கும் இப்ப ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது' என்பது ஸ்டோர் கிராணி கார்த்திகேசுவின் நித்திய நகைச்சுவை. சுற்றறிக்கை வந்த பிறகு கார்த்திகேசு அதைச் சொல்வதில்லை. டைப்ரைட்டரைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், சிரிப்பார். கேலிக்குத்தான் தடை, சிரிப்புக்கு இல்லையே!

ஆனால் அந்தச் சுற்றறிக்கை அவளுடைய வேலி ஒன்றையும் பிடுங்கிவிட்டது. இத்தனை காலமும் எந்த ஆண் எதிரே வந்தாலும் "அண்ணே" என்று ஒரு போடு போட்டுவிடுவாள். அண்ணன் ஆனவன் அதற்குமேல் கிட்டே வரமாட்டான். இப்போது இந்த வெள்ளைத் தலையைப் பார்த்து "மிஸ்டர் ராஃபேல்" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதெல்லாம் அந்தக் கண்கள் நிமிர்ந்து பார்த்தன. பார்த்தால்... விரல் தப்பான எழுத்தில் விழுந்தது.

புரட்சியின் முதல் பலி வேலம்மா. ஆபீசைக் கூட்டுபவள். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் அப்பளசாமியின் மனைவி. ஒரு நாள் துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

"யாரைத் தேடுறீங்க, மிசஸ் வேலம்மா?" என்றார் துரை.

"அவரத்தான் துரை."

"எவரை?"

"அதான்... எங்க வீட்டு..."

"பெயர்! பெயரைச் சொல்லுங்க. இங்க எல்லாரும் சமம்."

பேரப்பிள்ளை எடுத்தவள் வேலம்மா. புருஷன் பெயர் அவள் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் அப்பளசாமீ!"

ஆபீஸ் உறைந்து போனது. வராந்தாவில் மண்டோர் கையிலிருந்த கோப்பை நழுவி உடைந்தது. ஓடி வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "யாருடி செத்துட்டா?"

அன்று மாலை வேலம்மா தேநீர் அறையில் மூக்கைச் சிந்தினாள். "பேரச் சொல்லியாச்சு. யாரோ பஸ்ஸுல வந்த ஆளக் கூப்பிட்ட மாரி இருக்கு, டொரீனு."

"அப்ப வீட்டுல எப்படித்தான் கூப்பிடுவீங்க?"

"'என்னங்க'ன்னா போதும்மா. நூறு ஆம்பள நின்னாலும் அவரு ஒருத்தருதான் திரும்புவாரு."

டொரீன் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் தேநீரின் சூடு மாதிரி உள்ளே இறங்கியது.

அவளுக்கும் பழைய பழக்கம் விடவில்லை. "கார்த்திகேசு அண்ணே" என்று வாய் தவறும். தேநீர்த் தண்டனை விழும். உடனே ராஃபேலும் சத்தமாக, "அண்ணே, அந்தப் பேனாவைக் குடுங்கண்ணே" என்பான். அவனுக்கும் தண்டனை. இருவரும் தேநீர் அறைக்குள் போவார்கள்.

"வேணும்னே செய்றீங்க" என்றாள் ஒரு நாள், பாலைக் கலக்கிக்கொண்டே.

"செய்றேன். நீங்க மட்டும்?"

"எனக்கு வாய் தவறிடுது."

"தினம் சரியா மூணு மணிக்கா தவறும்?"

ஜன்னலுக்கு வெளியே செம்பனை ஓலைகளில் மழை சொட்டியது. சீனி போட்ட கோப்பையிலேயே மறுபடி சீனி போட்டாள்.

"உங்க வீட்டுல யாரும் உங்களுக்குப் பொண்ணு பாக்கலியா?"

"அப்பா போனதும் ரெண்டு தங்கச்சியக் கரையேத்தினேன். முடிஞ்சு திரும்பிப் பாத்தா தலை வெளுத்துப் போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க என்னைப் பாத்து, 'மாப்பிள்ளை வரலியா'ன்னு கேக்குறாங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்காமல் அவளையே பார்த்தான். சிரிப்பு பாதியில் வெட்கமாக மாறியது...

இதற்குள் துரை இன்னொரு ஜப்பானிய வழக்கத்தைக் கண்டுபிடித்தார். ஊழியர்களின் பிறந்தநாளுக்குக் கேக். அது ஜப்பானியர்களுக்குத் தெரியுமோ தெரியாது. ராஃபேலின் பிறந்தநாள் வந்தது. கார்த்திகேசு கோலசிலாங்கூரிலிருந்து கேக்கும் மெழுகுவர்த்தியும் வாங்கி வந்தார்.

"ஒரு அம்பது குத்தவா?" என்று கேட்டார், மரியாதை குறையாமல்.

"முப்பத்தாறு போதும் மிஸ்டர் கார்த்திகேசு."

கார்த்திகேசுவின் கையில் மெழுகுவர்த்தி அந்தரத்திலேயே நின்றது. முப்பத்தாறா! வேலம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். டொரீனின் முகத்தில் ரத்தமே இல்லை. 'என்னைவிடச் சின்னவரா? நானா அவரைத் தாத்தான்னு...'

துரை தொண்டையைக் கனைத்தார். "அமைதி. இங்கே யாரும் வயதைப் பேசுவதில்லை. அதுதான் நம் பண்பாடு. மிஸ் டொரீனைப் பாருங்கள். இவரைவிட முழுதாக மூன்று வயது மூத்தவர். அதை நம்மில் யாராவது வாய் திறந்து சொல்கிறோமா?"

மெழுகுவர்த்தியை யாரும் ஏற்றவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வாய் ஒருமுறைகூடத் தவறவில்லை. மூன்று மணிக்கு ராஃபேல் மட்டும் தனியாகத் தேநீர் கலக்கினான். நாலைந்து நாள் பொறுத்தான். பிறகு ஒரு மழை மாலையில் வராந்தாவில் அவளை மறித்தான்.

"என்ன தப்பு செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யல. நான் முந்திப் பொறந்துட்டேன்." குரல் உடைந்தது. "நான் உங்களுக்கு அக்கா. ஊரு சிரிக்கும் லா, மிஸ்டர் ராஃபேல். எனக்குச் சிரிப்பு பழகிப் போச்சு. உங்களுக்கு எதுக்கு?"

"என் தலையப் பாத்து ஊரு சிரிக்காத நாளு உண்டா? நானும் பழக்கப்பட்ட ஆளுதான்."

அவள் தலை குனிந்தாள். மழைச்சாரல் அவள் இமையை நனைத்ததா, வேறு ஏதுமா, தெரியவில்லை.

"சபாக் பக்கம் ஒரு தோட்டத்துல ஆள் கேக்குறாங்க" என்றான் மெதுவாக. "முடிவு கேட்டு இங்க போன் பண்ணுவாங்க. அந்தச் சுவத்துக் காகிதம் இருக்கிற வரைக்கும் நீங்க மிஸ்டர் போட்டுத் தப்பிச்சுக்கலாம். அது ஒரு நாளு கிழியும். அன்னிக்கு என்னைத் தம்பின்னு கூப்பிட்டீங்கன்னா, நான் சபாக் போயிடுவேன். உங்க தம்பியா இந்த ஆபீசுல இருக்க என்னால ஆகாது, டொரீன்."

மிஸ் போடவில்லை. அவள் நெஞ்சு அதிர்ந்தது.

காகிதம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கிழிந்தது. கம்பெனி டைரக்டர் வந்த நாளும் மழை நாள்தான். துரை குடை வேண்டாம் என்றார். குடை பிடித்தால் வயதானவர் மாதிரி இருக்குமாம்! வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்று கை குலுக்கினார். எல்லாரும் சமம் என்ற தம் சாதனையை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். அப்போது ஒரு கறுப்புக் கோடு அவர் காதோரம் புறப்பட்டது. கழுத்தில் இறங்கியது. காலரில் பரவியது. இன்னொரு கோடு நெற்றி வழியாக மூக்குக்கு வந்தது.

வேலம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். சுற்றறிக்கையை மீறக் கூடாது என்ற பயமும் இருந்தது.

"மிஸ்டர் ஆர்தர்! உங்க தலை கரையுது, மிஸ்டர் ஆர்தர்!"

டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். இருமலா அது! ஆனால் சாயம் கரைந்ததற்குத் துரை அதிரவில்லை. கூட்டுகிறவள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளே... அதற்குத்தான் சிலையாகிப் போனார். எல்லாரும் சமம் என்று எழுதியபோது, அந்த எல்லாரில் தாமும் உண்டு என்பது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் காலை சுவரில் நான்கு ஆணி மட்டும் இருந்தது.

ஆபீசில் அண்ணனும் அக்காவும் மடை திறந்து பாய்ந்தார்கள். வேலம்மா வாசலிலிருந்தே "என்னங்க... என்னங்க..." என்று வேலையே இல்லாமல் நாலு தடவை கூப்பிட்டாள். மண்டோர் நாலு தடவையும் ஓடி வந்தார். டொரீன் மட்டும் யாரையும் எதுவும் சொல்லி அழைக்காமல், தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

போன் மணி அடித்தது. அவள் எடுத்தாள்.

சபாக்கிலிருந்து. மிஸ்டர் ராஃபேலிடம் பேச வேண்டும்.

அவன் வராந்தாவில் ஆட்களுக்கு நடுவே நின்றிருந்தான். முதுகைக் காட்டி. மழைக்காற்றில் அந்தப் பஞ்சுத் தலை அசைந்தது... பஸ்ஸில் பார்த்த அதே தலை. அவள் கூப்பிட்டாக வேண்டும்.

கார்த்திகேசு பேனாவைக் கீழே வைத்தார். "தம்பின்னு கூப்பிடுங்கக்கா. இப்பத்தான் தடை இல்லையே. வயசுக்கு ஏத்த மாரி கூப்பிடலாம்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டொரீன் எழுந்தாள். தம்பி என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சிரிப்பும் நிற்கும். அவனும் போய்விடுவான்...

"என்னங்க..."

மெல்லிய குரல்தான். மழைச் சத்தத்தில் அமுங்கிப் போக வேண்டிய குரல். வேலம்மாவின் துடைப்பம் தரையில் விழுந்தது. கார்த்திகேசுவின் வாய் திறந்தது, மூடவில்லை. வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றார்கள்.

ஒருவன்தான் திரும்பினான்.

நடந்து வந்தான். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பில்லை. நனைந்திருந்தன. "என்னையா கூப்பிட்டீங்க?"

"உங்களத்தான்." எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "சபாக்லேருந்து போன். வரலன்னு சொல்லிடுங்க. தம்பின்னு கூப்பிட எனக்கு வரல... இனிமேலும் வராது. ஊரு சிரிக்கட்டும். எனக்கு நீங்க வேணும்."

"சிரிச்சா சேந்து சிரிப்போம்" என்றான். "உங்களப் பாட்டின்னு கூப்பிட்ட அன்னிக்கே, அக்கான்னு மட்டும் ஒரு நாளும் கூப்பிடக் கூடாதுன்னு மனசுல வச்சிட்டேன். கட்டிக்கிறீங்களான்னுதான் கேக்கணும்னு..."

கையிலிருந்த போனில் சபாக் தோட்டம் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தது. டொரீன் தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க."

தாத்தாவைச் சேர்க்கவில்லை. இந்தத் தடவை அவன் உட்கார்ந்தான்.