எட்டாத போர்வை

யூட்டாவின் பனிவண்டி ஐஷென்பெர்க் கோட்டைக்குள் நுழைந்தபோது பனிப்பொழிவு நின்றிருந்தது. இருபத்தெட்டு வயதில் மூன்றாம் முறையாக மணப்பெண். அவள் மடியில் ஏழு வயது மகள் லூக்கார்ட் தூங்கிக்கொண்டிருந்தாள்.

லூக்கார்டின் தகப்பன் போரில் இறந்தான். யூட்டாவின் இரண்டாம் கணவன் ஹார்ட்மூட் சென்ற கோடையில் காய்ச்சலில் செத்தான். அவன் தம்பி எக்பெர்ட்தான் இப்போது தாய்க்கும் மகளுக்கும் காப்பாளன். லூக்கார்டுக்கு அவள் தகப்பன் விட்டுப்போன நிலத்துக்காகச் சிறுமியைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கத் துடித்தான். யூட்டா இன்னொருவனுக்கு மனைவியானால்தான் அந்தப் பிடி விடும்.

பாதிரியாரின் ஆசீர்வாதம் மதியமே முடிந்துவிட்டது. ஆனால், சாட்சிகள் பார்க்க இருவரும் ஒரே போர்வைக்குள் படுத்தால்தான் அங்கே அது கல்யாணம்.

மாலை மணி அடிக்குமுன் கட்டிலறை நிரம்பியது. மெழுகு, ஈரக் கம்பளி, பீர் வாடை. மணமகன் டீட்மார் முழு உடுப்போடு படுத்தார். அருகில் யூட்டா.

"பூட்ஸைக் கழட்டுங்க பிரபு, இது குதிரை இல்ல!" என்றான் கிழட்டு வீரன் குன்ட்ராம். கூட்டம் சிரித்தது. எக்பெர்ட் சிரிக்கவில்லை.

இரண்டு பெண்கள் ஆட்டுத்தோல் போர்வையை டீட்மாரின் பக்கமிருந்து இழுத்தார்கள். யூட்டாவின் கையருகே வந்து அது நின்றுவிட்டது.

"கொஞ்சம் ஒட்டிப் படுங்கம்மா. கடிக்க மாட்டாரு."

அவள் நகரப் பார்த்தாள்.

நடுவில் ஏதோ இருந்தது.

கிணற்றுக்கல் போலச் சில்லென்று, அவள் உடம்பை ஒட்டி நீளமாய்க் கிடந்தது. காடி வாடை வந்தது. காய்ச்சலில் கிடந்த ஹார்ட்மூட்டின் நெற்றியில் அவள் நனைத்துப் போட்ட துணியின் வாடை. மூன்று நாள் அவன் தண்ணீர் கேட்டுக் கதறினான். அவள் நிறைந்த ஜாடியை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் பெல்ட்டால் அடித்த காயங்கள் அப்போது முதுகில் ஆறியிருக்கவில்லை.

"தண்ணி."

அவள் காதோரம்தான்.

"போர்வை எட்டல," என்றான் எக்பெர்ட். "பாதிரியாரே, நீங்களே பாருங்க. இது கல்யாணம் இல்ல. பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் கை ஏற்கெனவே லூக்கார்டின் தோளில் இருந்தது.

"நல்லா இழுங்கடி!" என்று டீட்மார் அதட்டினார். பெண்கள் இழுத்தார்கள். தையல் பிரிந்தது. போர்வை நகரவில்லை.

யூட்டா கண்களை மூடினாள். உதடு அசையாமல் மூச்சோடு மூச்சாகச் சொன்னாள்.

"தர்றேன். எவ்வளவு வேணும்னாலும் தர்றேன். இங்கேருந்து போயிடுங்க."

கட்டில் முனகியது, யாரோ எழுந்து இறங்கியதுபோல.

போர்வை சரசரவென்று அவள் கழுத்துவரை வந்து மூடியது. கூட்டம் ஆரவாரித்தது. எக்பெர்ட் சிறுமியின் தோளிலிருந்து கையை எடுத்தான். தரையில் துப்பிவிட்டு வெளியேறினான்.

அன்றிரவு யூட்டா நிறைந்த ஜாடி ஒன்றைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். தண்ணீர் குறையவில்லை, மேலே மெல்லிய பனி ஆடை கட்டியிருந்தது. போய்விட்டான். மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்த மூச்சு வெளியே வந்தது.

பக்கத்து அறைக்குப் போனாள்.

லூக்கார்ட் கட்டிலின் விளிம்பில் சுருண்டு கிடந்தாள். முதுகு போர்வைக்கு வெளியே. உதடுகள் நீலம்.

"ஏண்டி இப்படி ஓரத்துல கிடக்குற? நல்லாப் போத்திக்கிட்டா என்ன?"

"எட்டலம்மா."

தரையில் ஒரு ஜாடி காலியாகக் கிடந்தது.

"மூணு தடவ மொண்டு குடுத்தேன்," என்று சிறுமி கிசுகிசுத்தாள். "இன்னும் வேணுமாம். எவ்வளவு வேணும்னாலும் தர்றேன்னு நீ சொன்னியாமே?"

யூட்டா போர்வையைப் பற்றி மகள்மேல் இழுத்தாள்.

மறுபக்கத்திலிருந்து அது இழுபட்டது.