முப்பது மேசைகளின் முறையீடு

மணி 8.32. கைதட்டல் ஓய்வதற்குள் அனெஸ்டிஸ் விழுந்தான்.

தரையில் வைத்த ஒயின் கோப்பையைக் கைபடாமல் பல்லால் கவ்வி நிமிர்ந்து, ஒரே மூச்சில் குடித்து, மேலும் இரண்டு சுற்று ஆடிய பிறகே விழுந்தான். ஒருவன் தனித்து ஆடும் அந்த ஆட்டத்தின்போது வேறெவரும் களத்தில் கால் வைப்பதில்லை. அவன் துடித்ததையும் ஆட்டமென்றே எண்ணி முப்பது மேசைகளும் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. முதலில் எழுந்தவர் காவல் ஆய்வாளர் அர்கிரோ. விடுமுறை நாளில் ஏதென்ஸின் அந்த உணவகத்துக்குச் சாப்பிட வந்து, ஆட்டு விலாவை ஒரே கடியோடு ஒதுக்கியிருந்தவர்.

8.50. கோப்பையில் பூச்சிமருந்து நெடி. அதை நிரப்பியவளும் களத்தில் வைத்தவளும் ஃபோட்டினி. அங்கே பரிமாறுபவள், அனெஸ்டிஸின் மனைவி. வந்த காவலர் அவள் கையில் விலங்கை மாட்டிவிட்டார்.

"எப்பம்மா ஊத்துன?" என்றார் அர்கிரோ.

"எட்டு மணிக்கு மேடம். மாடியில அவரு அறையில வச்சேன். ஆட்டத்துக்கு முன்னாடிதான் போய் எடுத்துட்டு வந்தேன்."

"மாடிக்கு எத்தனை வழி?"

"ஒண்ணுதான். அடுப்படி வழியா."

உணவகத்தின் முதலாளி கோஸ்மாஸ் குறுக்கிட்டார். "இவளத் தவிர ஒரு ஈ காக்கா படியேறல. ஏழரையிலேருந்து கங்கு முன்னாடியே நிக்கிறேன். ஒரு அடி நகரல."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. என் கறிய இன்னொருத்தன் தொட விடமாட்டேன்."

"இன்னிக்குக் கறி எப்படி?"

"பொணம் கிடக்கு, கறியக் கேக்குறீங்களே! ஒவ்வொரு விலாவும் என் கையால திருப்புனது. வெண்ணெய் மாதிரி இருக்கும்!"

அர்கிரோ மேசை மேசையாக நடந்தார். "இந்தச் சாப்பாட்டுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஒரு முதியவர் முனகினார். பாதி தின்று ஒதுக்கிய விலாக்களை அர்கிரோ முள்கரண்டியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

9.25. ஒரு தட்டோடு திரும்பினார்.

"திங்கக்கிழமை அனெஸ்டிஸுக்கு என்ன வேலை?"

ஃபோட்டினி சொன்னாள்: "கோர்ட்டு. போன வருஷம் இங்க தீப்பிடிச்சு சமையல்காரர் செத்தாரே, கதவ வெளியில பூட்டுனது யாருன்னு சாட்சி சொல்லப் போறதா இருந்தாரு."

அர்கிரோ தட்டை நீட்டினார். "ஒரு பக்கம் கரி, மறுபக்கம் ரத்தம். எட்டேகாலுக்கு வந்த அத்தனை தட்டும் இப்படித்தான். திருப்ப ஆளில்லாம பத்து நிமிஷம் கிடந்த கறி இது, கோஸ்மாஸ். மாடிக்குப் போய் வர்ற நேரம். நானும் சமையலத்தான் திட்டினேன். சமைக்கிறவன் எங்கே போனான்னு கேக்கத் தோணல."

செத்த ஆடு சாட்சி சொல்லும் என்று கோஸ்மாஸ் எதிர்பார்க்கவில்லை. அவர் கண் ஒரு கணம் கரிமூட்டையின் பக்கம் ஓடியது. அது போதுமானதாக இருந்தது. காவலர் மூட்டைக்குள் கைவிட்டுத் திராட்சைக் கொடிக்கு அடிக்கும் மருந்துப் புட்டியை எடுத்தார்.

விலங்கு கை மாறியது.

"வாயில பட்டதுமே கசந்திருக்கும்," என்றார் அர்கிரோ தணிந்த குரலில். "துப்பியிருக்கலாமேம்மா."

"பல்லால எடுத்தத ஆட்டக்காரன் துப்ப மாட்டான் மேடம்." ஃபோட்டினி குனிந்து, கணவனின் மோவாயில் காய்ந்திருந்த ஒயினை ஏப்ரன் நுனியால் துடைத்தாள். "அதுவும் நான் வச்ச கோப்பையாச்சே."