அம்மாவுக்கும் இடமுள்ள சைக்கிள்

பிரேக்கில் குறை ஒன்றும் இல்லை. அதை அழுத்த வேண்டிய விரல்கள்தான் சொன்னபடி கேட்கவில்லை.

விஸ்வநத்தம் விலக்கைத் தாண்டியதும் சாலை சரிந்து இறங்குகிறது. பக்கத்து வீட்டு இரவல் சைக்கிளில் அந்தச் சரிவில் வந்துகொண்டிருந்த சினேகா, ஓரத்தில் ஒரு மொபெட் நிற்பதைப் பார்த்தாள். அதன் பின்னால் ஒருவன் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“தள்ளுங்க... அண்ணே, தள்ளுங்க...”

அவன் நிமிர்ந்தான். வருகிற சைக்கிளைப் பார்க்காமல் அவள் கண்களைப் பார்த்தான். பெரிய கண்கள்... பயத்தில் இன்னும் பெரிதாகியிருந்த கண்கள். அந்த ஒரு நொடியில் விலகியிருக்கலாம். விலகவில்லை. சைக்கிள் மொபெட்டில் மோதியது. கட்டியும் கட்டாமலும் இருந்த பார்சல் சரிந்து, சாலையெங்கும் மயில்கள் சிதறின.

பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற மயில் படம். பிரஸ்ஸிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த லேபிள்கள். நேற்றைய மழைச் சேற்றில் தோகை விரித்துக் கிடந்தன.

“ஏ புள்ள! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? ஓட்டத் தெரியலன்னா தள்ளிக்கிட்டு வர வேண்டியதுதான? அம்புட்டு லோடும் போச்சு! சீசன் நேரத்துல மேனேஜருக்கு நான் என்ன...”

சட்டென்று நிறுத்திவிட்டான். அவளுடைய இடது கையைப் பார்த்துவிட்டான். முழங்கையிலிருந்து விரல்வரை, உருகி உறைந்த மெழுகு போன்ற தோல். விறைத்து நிற்கும் மூன்று விரல்கள்.

அந்தப் பக்கத்து மரியாதை அது. கையிலோ முகத்திலோ அப்படியொரு தழும்பைக் கண்டால், எப்போது, எந்தப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது, கூட யார் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கடையில் முன்னால் போகச் சொல்லி வழிவிடுவார்கள். சினேகாவுக்கு அந்த மரியாதை எப்போதோ சலித்துப்போயிருந்தது.

“ஏன் நிறுத்திட்டீக?”

“இல்ல... பரவால்ல...”

“என்ன பரவால்ல? லோடு போச்சுன்னு சொன்னீகள்ல? கை நல்லா இருக்கவளா இருந்தா விட்ருப்பீகளா? முழுசாத் திட்டுங்க.”

அவன் விழித்தான். சீப்பையே பார்த்திராத தலைமுடியைச் சொறிந்தான்.

“எதுல விட்டேன்னு மறந்துபோச்சு...”

“மேனேஜருக்கு என்ன பதில் சொல்லன்னு...”

“ஆங்! மேனேஜருக்கு என்ன பதில் சொல்ல? இம்புட்டுப் பெரிய ரோட்டுல ஒனக்கு மோத எம் மொபெட்தான் கெடச்சுதா?”

சினேகாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான், சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று தோன்றியது.

மழை பிடித்துக்கொண்டது. நனையாத லேபிள்களை இருவரும் அள்ளிக்கொண்டு பேருந்து நிழற்குடைக்குள் ஓடினார்கள். மதியமே வானம் உறுமத் தொடங்கியிருந்ததால் அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். இடி இடிக்கும்போது வெடிமருந்தும் மனிதர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது.

அவன் பெயர் முனியராஜ். ஆலங்குளத்துக்காரன். சிவகாசி பிரஸ் ஒன்றில் லோடு கொண்டுபோகும் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சாயங்காலங்களில் பலவேசம் சித்தப்பாவின் சைக்கிள் கடையில் கூடமாட வேலை செய்வான்.

“கம்பெனி வேன் இருக்குமே... அதுல போகலையா?”

“வேனு எனக்கு ஆகாது.”

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. வேனில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னலோரம் அவள் அம்மா வேலுத்தாயின் இடம். சித்திரையில் கம்பெனியின் மருந்து அறை வெடித்ததில் அம்மா போய்விட்டாள். அம்மாவை இழுக்கப் போன கை இப்படி ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்கு முதல் நாள் கிளம்பியபோது, வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் அந்த ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். “அங்கன ஒக்காரு தாயி... ஒனக்குத்தான் வச்சிருக்கோம்.” உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியில் அம்மாவின் தலை எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. மறுநாளிலிருந்து அவள் வேனில் ஏறவில்லை. சைக்கிளும் கைகூடாவிட்டால் வேலையை விட வேண்டும்... இல்லாவிட்டால் தினமும் அந்த ஜன்னலோரம் உட்கார வேண்டும்.

“அப்பன்னா ஒங்களுக்குத் தோதா ஒரு சைக்கிள் வேணும். எப்படி இருக்கணும், சொல்லுங்க.”

“சொன்னா வந்துருமா?”

“சும்மா சொல்லுங்க. மழை விடணும்ல.”

அவள் மழையைப் பார்த்தபடி யோசித்தாள்.

“குறுக்குக் கம்பி இருக்கக் கூடாது. ரெண்டு பிரேக்கும் வலது கையிலயே பிடிக்கணும்.”

“ஒரு பிடிக்கு ரெண்டு கேபிள்... ஆகும்.”

“செயினுக்கு முழுசா மூடி. துப்பட்டா மாட்டிக்கிட்டு உசுர வாங்குது. முன்னாடி கூடை... தூக்குச்சட்டி சாயாம நிக்கணும். ரேஷன் அரிசிப் பை கொள்ளணும்.”

“கூடையா, கோணிச் சாக்கா?”

“பக்கவாட்டுல ஒரு கொக்கி. தண்ணிக் கொடம் மாட்ட.”

“ஏங்க, சைக்கிள் கேட்டா மினி லாரி சொல்றீக!”

“நீங்கதான கேட்டீக!” என்று முறைத்தாள். “மணி வேணும். ஆனா திடுக்குன்னு அடிக்கக் கூடாது. மெல்லமா... எங்கிட்டோ கேக்குற மாதிரி.”

அதற்கு மட்டும் அவன் கேலி பேசவில்லை. மழைத்துளி ஒன்று அவள் இமையில் தங்கி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. அவன் அதைப் பார்க்காதது போல் பார்த்தான்.

“அப்புறம்... பின்னாடி ஒரு சீட்டு. நல்ல மெத்தையா. எங்கம்மாவுக்கு மூட்டுவலி, வெறுங் கேரியர்ல உக்கார முடியாது. காலு வைக்க ரெண்டு பக்கமும் கம்பி இருக்கணும். பிடிச்சுக்க ஒரு வளையம். சரியான பயந்தாங்கொள்ளி அது. ‘மெல்லப் போடி, மெல்லப் போடி’ன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வரும்...”

வரும்.

அவள் குரல் அவள் காதிலேயே விழுந்தது. திருத்தியிருக்கலாம். ‘அம்மா இல்லை’ என்று இரண்டு வார்த்தை. ஊரில் பால்காரர் முதல் நர்சம்மா வரை எல்லோருக்கும் தெரிந்த அந்த இரண்டு வார்த்தை இவனுக்கு மட்டும் தெரியவில்லை. ஆலங்குளத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்?

“அம்மா நல்ல கனமா இருப்பாகளோ?” அவன் அக்கறையாகக் கேட்டான்.

“என்னைய விட ஒல்லி.”

“வெத்தல போடுவாகளா? வெத்தலப் பைக்கு ஒரு கொக்கி வச்சிருவோம்.”

“வெத்தல கெடையாது. கடலமிட்டாய்தான். யாருக்கும் தெரியாம முந்தில முடிஞ்சு வச்சுக்கும்...”

மழை ஓயும்வரை வேலுத்தாய் அந்த நிழற்குடையில் உயிரோடு இருந்தாள். வேனுக்குப் பிந்தினாள், மகளைத் திட்டினாள், கடலைமிட்டாய் தின்றாள். மழை விட்டதும் சினேகாவின் முகம் வாடிவிட்டது. அவன் அது தன்னைப் பிரிவதால் என்று நினைத்துக்கொண்டான்... பாவம்.

தீபாவளி கழிந்து, கம்பெனிகள் கதவடைத்துக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருக் குழாயடியில் பெண்கள் கூட்டம். மழையன்று அவள் சொன்ன அடையாளத்தை வைத்து, ஒரு நீல நிற சைக்கிளை உருட்டிக்கொண்டு முனியராஜ் வந்தான். குறுக்குக் கம்பி இல்லை. வலது பிடியில் இரண்டு கேபிள்கள். பின்னால் சிவப்பு ரெக்சின் தைத்த மெத்தை இருக்கை, கால் வைக்கக் கம்பி, பிடித்துக்கொள்ள வளையம்.

வாசலில் சினேகாவின் அப்பா சுடலை நின்றிருந்தார். உள்ளேயிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது... மறுகணம் உறைந்தது. ஐயோ, வாயைத் திறந்துவிடாதே...

“அம்மாவக் கூப்பிடுங்க மாமா,” என்றான் அவன், முகமெல்லாம் சிரிப்பாக. “உக்காந்து பாத்துச் சொல்லட்டும். ஒயரம் கூடுதலா இருந்தா கொறச்சுத் தாறேன்.”

குழாயடியில் பேச்சு நின்றது. குடம் நிறைந்து வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

“யாருலே நீ?” சுடலை படியிறங்கி வந்தார். “எம் பொண்டாட்டி மண்ணுக்குப் போயி, அது மேல மழையே பேஞ்சிருச்சு. யாரலே வந்து உக்காரச் சொல்லுத? வெளாடுதியா?”

அவன் அப்போதுதான் வாசல் வழியே உள்சுவரைப் பார்த்தான். மாலை போட்ட படம். அதன் மேல் சிவப்புச் சின்ன பல்பு. பிறகு சினேகாவைப் பார்த்தான். ‘நீதானே சொன்னாய்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

“எடுத்துட்டுப் போங்க! நான் கேட்டேனா? எரக்கப்பட்டு யாரு ஒங்களச் செய்யச் சொன்னது?”

அவன் தலையைக் குனிந்து, சைக்கிளைத் திருப்பி, ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான்.

சாயங்காலம் சுடலை மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பய அம்மா இருக்கான்னே நெனச்சு வந்திருக்கான். யாரு சொன்னா?”

“நான்தாம்ப்பா.” தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “இல்லன்னு சொல்ல வாய் வரல.”

திட்டுவார் என்று இருந்தாள். அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“டீக்கடைல போயி நின்னா எனக்கும் இன்னும் மூணு டீன்னுதான் வாய்ல வருது,” என்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “அந்தப் பயலப் போயி ஏசிப்புட்டேனே. நாளைக்கு ஒரு எட்டு போயிட்டு வா தாயி.”

மறுநாள் அவள் பலவேசத்தின் கடைக்குப் போனபோது, முனியராஜ் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பின் இருக்கையின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பலவேசம் அவளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார்.

“கழட்டாதீக.”

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். நிமிரவில்லை.

“கேட்ருக்கணும். கையப் பாத்ததுமே வீட்ல எல்லாரும் நல்லாருக்காகளான்னு ஒரு வார்த்த கேட்ருக்கணும். கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்.”

“இந்த ஊர்ல யாருமே கேக்க மாட்டாக. எல்லாருக்கும் தெரியும்.” சிவப்பு மெத்தையை வலது கையால் தொட்டாள். “தெரியாத ஆளு நீங்க ஒருத்தருதான். மழை விடுற மட்டும் எங்கம்மா இருந்துச்சு... அதுக்குத்தான் பொய் சொன்னேன். ஒங்களக் கோமாளியாக்கணும்னு இல்ல.”

“நானும் எரக்கப்பட்டுச் செய்யலைங்க.” இப்போது அவன் நிமிர்ந்தான். கண்கள் சிவந்திருந்தன. தூங்கியிருக்க மாட்டான். “அந்தச் சீட்டு தைக்கும்போது ஒரே நெனப்புதான். ஒங்க அம்மாட்ட நல்ல பேரு வாங்கிரணும். வாங்கிட்டா... அப்புறமா அவுகட்ட ஒண்ணு கேக்கலாம்னு...”

“என்ன கேக்க?”

“அவுகட்ட கேக்க வேண்டியது.” ஸ்பேனரை ஒதுக்கி வைத்தான். “இனி யாருட்டக் கேக்கன்னு தெரியல.”

அவளுக்குப் புரிந்தது. அழுகை வந்தது. படத்துக்கு மாலை போட்ட நாளில்கூட வராத அழுகை, கிரீஸ் வாடை அடிக்கிற அந்தக் கடையில் நின்றுகொண்டிருக்கும்போது வந்தது. அவன் பக்கத்தில் வரவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. அவள் முடிக்கும்வரை நின்றான்.

“கேட்ருந்தா குடுத்திருக்காது,” என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

“ஏன்?”

“தல சீவாம நிக்கிற ஆளுக்கா எம் மகளக் குடுக்கன்னு கேக்கும். என்ட்டப் பேசாது. அப்பாவப் போட்டு வையும்...”

அவன் கை தானாகத் தலைக்குப் போனது. கிரீஸ் கையால் முடியைப் படிய வைக்கப் பார்த்தான். அது படியவில்லை.

“நீங்க என்ன சொல்றீக?”

சினேகா தன் இடது கையைத் துப்பட்டாவுக்கு வெளியே எடுத்தாள். மறைக்கவில்லை.

“எங்கம்மாவுக்குப் பிடிச்சிருக்காது...” என்றாள். “எனக்குப் பிடிச்சிருக்கு.”