கண்ணாடிக்கும் பரு வந்தது

பொடியின் வீட்டில் ஒரே முகம் இரண்டு பேரிடம் இருந்தது.

அவளுடைய அண்ணன்கள் இரட்டைப் பிள்ளைகள். பெரியவன் சில நிமிடங்கள் முந்திப் பிறந்தவன். அந்தச் சில நிமிடப் பெருமையைப் பதினான்கு வருடங்களாகக் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டு திரிபவன். பிந்திப் பிறந்தவன் சின்னவன்.

இருவரையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெரியவன் செய்த குறும்புக்குச் சின்னவன் திட்டு வாங்குவான். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் பெரியவன் வாயில் மருந்து போகும். அப்பா தச்சுவேலை செய்பவர். ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தே இது இன்ன மரம் என்று சொல்லிவிடுவார். சொந்தப் பிள்ளையைப் பார்த்தால் மட்டும், "நீ யாருடா?" என்று கேட்பார்.

பொடிக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. ஆனால் பத்து வயதுப் பெண்ணிடம் போய் யார் கேட்கப் போகிறார்கள்? யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சின்னவன் முகத்தில் பருக்கள் வந்தன. நெற்றியில் இரண்டு, தாடையில் ஒன்று, வலது கன்னத்தில் ஒரு கூட்டம். பெரியவன் முகமோ பளிங்குபோல அப்படியே இருந்தது.

இப்போது எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. கடைக்காரர், "பரு வந்த தம்பியா?" என்றார். ஆசிரியர், "பரு இல்லாதவன் எழுந்திரு" என்றார். அப்பாகூடச் சாப்பிடும்போது, "அப்பாடா, இப்பதான் எனக்கு நிம்மதி. இனிமே ஆள் மாறாது" என்று சிரித்தார்.

சின்னவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்ததைப் பொடி மட்டும்தான் கவனித்தாள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் இரட்டையர்கள் இருவரும் 'கண்ணாடி' நாடகம் போடுவதாக இருந்தார்கள். மேடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கும். இந்தப் பக்கம் சின்னவன் தலை வாருவான். அந்தப் பக்கம் அவனுடைய பிம்பமாகப் பெரியவன் தலை வாருவான். உண்மையில் அங்கே கண்ணாடியே கிடையாது. அப்பா செய்து கொடுத்த வெறும் மரச்சட்டம்தான்.

அம்மா தையல்காரி. இருவருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்திருந்தாள். சின்னவன் சட்டையில் பை இடது பக்கம். பெரியவன் சட்டையில் வலது பக்கம்.

"ஏம்மா மாத்தித் தைச்சே?" என்று பொடி கேட்டதற்கு, "கண்ணாடி முன்னால போய் நின்னு பாரு, தெரியும்" என்றாள் அம்மா.

ஒத்திகை அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுவில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கத்தினான்: "சார், கண்ணாடியை மாத்துங்க! இதுல பரு தெரிய மாட்டேங்குது!"

கூடமே சிரித்தது. சின்னவன் சீப்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மாவின் தையல் மேசைக்கு அடியில் படுத்து, வெட்டிப்போட்ட துணிகளை முகத்தின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நான் நடிக்கல. பெரியவன் மட்டும் நடிக்கட்டும்" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆளே இல்லாம கண்ணாடி மட்டும் மேடையில நின்னு என்னடா பண்ணும்?" என்றான் பெரியவன்.

அன்று மாலை வீட்டில் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். அம்மா, "தண்ணி குடிக்கிறதே இல்ல" என்றாள். அப்பா, "சும்மா சும்மா முகத்தைத் தொடுறான்" என்றார். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "பாலாடையை எடுத்துப் பூசு, பளபளன்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பால் என்றதும் பொடிக்குப் பொறி தட்டியது. அண்ணன்கள் இருவருக்கும் ஒரே சோப்பு, ஒரே துண்டு, ஒரே சாப்பாடு. ஒன்றே ஒன்றுதான் வேறு. சின்னவன் பால் பைத்தியம். காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை, போதாததற்குப் பாத்திரத்தில் ஒட்டிய ஆடையையும் சுரண்டித் தின்பான். பெரியவனுக்குப் பால் வாசனை வந்தாலே குமட்டும்.

"அம்மா, பால்தான் காரணம்! எனக்குத் தெரிஞ்சுபோச்சு!" என்று பொடி குதித்தாள்.

"பாலா? பச்சைக் குழந்தையே குடிக்குது. அது என்னடி பண்ணும்?" என்றாள் அம்மா. ஆனாலும் சனிக்கிழமை மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் இளவயதுப் பெண். அவருடைய மேசைக்குப் பக்கத்தில், வளையும் கம்பி ஒன்றின் நுனியில், தட்டு அளவுக்குப் பெரிய பூதக்கண்ணாடி இருந்தது. அதைச் சுற்றி விளக்கு எரிந்தது. டாக்டர் அதைச் சின்னவன் கன்னத்துக்கு மேலே இழுத்து வைத்துப் பார்த்தார். பொடி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"நானும் பாக்கலாமா?"

"வா, பாரு" என்று டாக்டர் நகர்ந்து இடம் விட்டார்.

பொடி குனிந்து பார்த்தாள்.

அது அண்ணனின் கன்னமே இல்லை. அது ஒரு நாடு. குறுக்கும் நெடுக்கும் மெல்லிய வாய்க்கால்கள் ஓடின. இடையிடையே குட்டிக் குட்டிக் குழிகள். எத்தனை எத்தனை குழிகள்! பலவற்றிலிருந்து பொன் நிறத்தில் ஒரு பூனைமுடி எட்டிப் பார்த்தது. விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் மினுமினுத்தது. நடுவே பரு, அடிவாரம் சிவந்து, உச்சி வெளுத்து, ஒரு மலையைப்போல நின்றது.

"இவ்வளவும் சின்னண்ணா மூஞ்சியிலயா இருக்கு?" என்றாள் பொடி மெதுவாக.

"உன் மூஞ்சியிலயும் இருக்கு. ஒவ்வொரு குழிக்குள்ளயும் எண்ணெய் ஊறிக்கிட்டே இருக்கும். தோல் காயாம இருக்கணுமில்ல? இந்த வயசுல எண்ணெய் கொஞ்சம் அதிகமா ஊறும். குழி வாய் அடைச்சுக்கிச்சுன்னா வீங்கிப் பருவாயிடும்."

பொடி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் தூங்கும்போதும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதும், யாரும் சொல்லாமலே அங்கே இத்தனை வேலை நடந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

பெரியவன் கன்னத்தையும் அந்தக் கண்ணாடியில் பார்த்தாள். அதே வாய்க்கால்கள், அதே குழிகள். மலைகள் மட்டும் இல்லை.

"டாக்டர், இவன் பால் குடிப்பான். அவன் குடிக்க மாட்டான். அதனாலதானே?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்களும் பொடியின் கண்களைப்போலவே விரிந்தன.

"நல்லாக் கண்டுபிடிச்சிருக்கே! இருக்கலாம். பால் அதிகமாக் குடிக்கிற சிலருக்குப் பரு கூடுதுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. ஆனா நிறையப் பேருக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. பால்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"ஏன் சிலருக்கு மட்டும்?"

"தெரியல" என்றார் டாக்டர்.

"உங்களுக்கேவா?"

"எனக்கும் தெரியல, இன்னும் யாருக்குமே முழுசாத் தெரியல. தேடிக்கிட்டு இருக்காங்க."

பொடி அசந்துபோனாள். இவ்வளவு பெரிய கண்ணாடி வைத்திருப்பவருக்கே தெரியாத ஒன்று, தன் அண்ணனின் கன்னத்தில் உட்கார்ந்திருக்கிறதா!

டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "கொஞ்ச நாள் பாலைக் குறைச்சுப் பாக்கலாம். ஆனா எலும்புக்கு வேணும்கறதை வேற சாப்பாட்டுல கொடுத்துடுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். எந்தெந்தச் சாப்பாடு என்றும் சொன்னார்.

"ஆண்டு விழாவுக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?" என்று சின்னவன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"அதுக்குள்ள முடியாதுப்பா. தோல் ரொம்ப நிதானம். மாசக்கணக்குல ஆகும்."

ஆனாலும் ஆசை யாரை விட்டது? மறுநாள் காலை சின்னவன் பால் குவளையைத் தொடவே இல்லை. நேராகக் கண்ணாடி முன்னால் போய் நின்றான். "பாலை நிறுத்தி ஒரு ராத்திரி முழுசா ஆச்சு. ஒரு மாத்தமும் காணோமே!" என்று பெருமூச்சு விட்டான்.

விழா நெருங்கியது. அம்மா முகப்பவுடரை அப்பிப் பார்த்தாள். புதுச்சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. சின்னவன் அதைக் கழுவிவிட்டு மறுபடி தையல் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

பொடியும் ஊர்ந்து உள்ளே போய் அவன் பக்கத்தில் படுத்தாள்.

"சின்னண்ணா, நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்கு உன்னை எப்பவுமே அடையாளம் தெரியும். பரு வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

முகத்திலிருந்த துணி விலகியது. "எப்படி?"

"நீ கதவைத் திறந்தா முதல்ல மூக்கு உள்ள வரும். என்ன சமையல்னு மோந்து பாப்பே. அவன் திறந்தா முதல்ல சத்தம் வரும். நீ சிரிக்கப் போறேன்னா கொஞ்சம் முன்னாடியே தோள் குலுங்கும். அவனுக்குக் குலுங்காது."

சின்னவன் தோள் குலுங்கியது. "நிஜமாவே மோந்து பாக்கிறேனா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் பொடிக்கு அந்த யோசனை வந்தது. சின்னவன் பருவைத்தானே எல்லோரும் மறைக்கப் பார்க்கிறோம்? மறைக்க முடியாவிட்டால் என்ன, கண்ணாடிக்கும் வைத்துவிடலாமே!

"பெரியண்ணா!" என்று கத்தினாள். "உன் மூஞ்சியைக் கொஞ்சம் கடன் குடு!"

விஷயத்தைக் கேட்டதும் பெரியவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வை, நல்லாப் பெருசா வை" என்று முகத்தை நீட்டினான்.

துணியில் கோடு போடும் சிவப்புச் சாக்கட்டியை அம்மாவிடம் வாங்கிப் பொடித்து, பொடி அதைத் தண்ணீரில் குழைத்தாள். தீக்குச்சி நுனியால் ஒவ்வொன்றாக வைத்தாள். மலைகளை அவள் அருகில் பார்த்தவள் அல்லவா? அடிவாரத்தில் சிவப்பு, உச்சியில் முகப்பவுடரால் துளி வெள்ளை. வலது கன்னத்தில் இருந்தது வலது கன்னத்துக்கே போனது.

இருவரையும் சட்டத்தின் இரு பக்கமும் நிற்க வைத்துப் பார்த்தாள். ஏதோ இடித்தது. இவ்வளவு அச்சாக வரைந்தும் பிம்பம்போல இல்லையே? அவள் பார்வை மெல்ல இறங்கிச் சட்டைப் பைகளில் நின்றது. ஒரு பை இடது பக்கம், மற்றது வலது பக்கம்.

"ஐயோ, பக்கம் மாத்தி வைக்கணும்! கழுவிட்டு வா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விழா நாளில் திரை விலகியது. சட்டம் மேடை நடுவில், இரு பக்கமும் தெரியும்படி நின்றது. இந்தப் பக்கம் சின்னவன் கொட்டாவி விட்டான். அந்தப் பக்கமும் கொட்டாவி வந்தது. சீப்பு ஏறியது, சீப்பு இறங்கியது. கன்னத்துப் பருக்கூட்டங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"அம்மா, அது நிஜக் கண்ணாடியா?" என்று எங்கோ ஒரு குழந்தை கேட்டது.

அப்போது சின்னவன் ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தான். கண்ணாடிக்கு அருகே குனிந்து, கன்னத்தில் இருந்த பெரிய பருவைத் தொட்டு, "ஹூம்..." என்று பெருமூச்சு விட்டான். அதே கணத்தில் கண்ணாடியும் குனிந்து, பருவைத் தொட்டு, பெருமூச்சு விட்டது.

கூடம் வெடித்துச் சிரித்தது. இது ஒத்திகை அன்று கேட்ட சிரிப்பு அல்ல. முன்வரிசைப் பையன் சிரித்துக்கொண்டே, தன் நெற்றியில் புதிதாக முளைத்திருந்த ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பொடி மட்டும் சிரிக்கவில்லை. சொல்லி வைக்காமல், சாடை காட்டாமல், பெரியவனுக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்விக்கும் டாக்டர் 'தெரியல' என்றுதான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் பெரியவன் முகம் கழுவினான். சிவப்பெல்லாம் ஓடியது, மூக்கோரம் ஒன்றைத் தவிர. பொடி ஈரத்துணியால் அதை அழுத்தித் தேய்த்தாள்.

"ஆ! வலிக்குதுடி!"

பொடியின் கை நின்றது. கிட்டே போய்ப் பார்த்தாள். அடிவாரம் சிவந்து, உச்சி லேசாக வெளுத்திருந்தது.

"பெரியண்ணா, இது நான் வச்சதில்ல."

"பின்னே?"

"நீயே வச்சது!"

சின்னவன் ஓடி வந்தான். வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "உண்மையைச் சொல்லு. யாருக்கும் தெரியாம பால் குடிச்சியா?"

"எனக்கு வாசனையே ஆகாதுடா!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பால் குடித்தவனுக்கும் வந்தது, குடிக்காதவனுக்கும் வந்துவிட்டது. அந்தக் குட்டிக் குழிகளுக்குள் என்னதான் நடக்கிறது? பொடிக்கு அந்தப் பூதக்கண்ணாடியை இப்போதே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

சட்டத்தைத் தூக்கிப் போக அப்பா உள்ளே வந்தார். முகங்கள் இரண்டையும் பார்த்தார். இரண்டிலும் பரு. அவர் நெற்றி சுருங்கியது.

"டேய், இப்ப எவன்டா எவன்?"

"பொடியைக் கேளுங்கப்பா" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.