சனிக்கிழமை ஒப்படைப்பு

பிள்ளைகள் அறையின் கதவு திறந்து வெளியே வந்த அந்தச் சிறுமி முதலில் பார்த்தது அம்மாவை அல்ல, அப்பாவையும் அல்ல. அலுவலரைப் பார்த்தாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவன் குடும்ப நீதிமன்றத்துப் படியை மிதிக்காதவன். பிரிந்துபோன தகப்பன்மார்கள் சனிக்கிழமை சாயங்காலம் தங்கள் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக அங்கே ஓர் அறை உண்டு. நேரம் முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிவந்து தாயின் கையில் ஒப்படைத்து, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவது நிர்வாக அலுவலரின் பொறுப்பு. வருடக்கணக்காக அதைச் செய்து நரைத்தவர் அவர். அழுதுகொண்டு வரும் பிள்ளையானாலும் சிரித்துக்கொண்டு வரும் பிள்ளையானாலும், கதவு திறந்ததும் அதன் கண் அம்மா எங்கே என்று ஒரு சுற்றுச் சுற்றும். இந்தக் கண் சுற்றவில்லை. காத்திருந்த ஆள் கிடைத்துவிட்டது போல அவர் மேலேயே நின்றது.

தாய் வந்து கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் உதறினாள்.

"சார்... இது என் பொண்ணு இல்ல."

சுவரில் சாய்ந்திருந்த தகப்பன் சிரித்தான். "ஆரம்பிச்சாச்சு. போன மாசம் நான் பிள்ளைக்கு மயக்க மருந்து குடுத்தேனாம். இந்த மாசம் பிள்ளையவே மாத்திட்டேனா? அடுத்த மாசம் என்ன, வானத்துல இருக்கிற நிலாவக் காணோம்னு என் மேல கேஸ் போடுவியா?"

"நீ பேசாத. சார், நீங்க சொல்லுங்க. நீங்க வாராவாரம் பாக்கறீங்க இல்ல?"

அலுவலர் யாரையும் நம்பாதவர். நம்பி என்ன கண்டார்? தன் கையைத் தானே கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டு புருஷன் ஒடித்தான் என்று வந்தவளையும், வாடகைக்கு ஒரு மாமியாரைப் பிடித்து வந்து கூண்டில் அழவைத்தவனையும் பார்த்த கண் அது. அந்தக் கட்டடத்துக்குள் வருகிற ஒவ்வொருவனும் அரிச்சந்திரனுக்கு ஒன்றுவிட்ட தம்பி போலத்தான் பேசுவான். ஆனாலும் கேட்டு வைப்போம் என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

அந்தச் சிறுமிக்கு அவர் வைத்த பேர் வாலு. வாராவாரம் அவர் மீசை நுனியைப் பிடித்து இழுத்து, "மீசைத் தாத்தா, மணி அடிக்கட்டா?" என்று கேட்டு மேசை மணியை அடித்துத் தொலைக்கிற ஆள்.

"என்ன வாலு, இவங்க யாரு?"

"மேற்படி பெண்மணி என் தாயார். அவருடன் செல்ல எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை."

முன்பல் விழுந்த வாய். போன வாரம்வரை பாதி வார்த்தை காற்றாகப் போன வாய். இப்போது ஓர் எழுத்துகூடக் குழையவில்லை. அலுவலர் பிள்ளையை மறுபடி ஒரு தடவை பார்த்தார். ஆனால் அந்த வேலையில் இருப்பவனுக்கு இதற்குக் காரணம் கைவசம் உண்டு. எந்த வக்கீலோ சொல்லிக்கொடுத்திருக்கிறான், கிளிப்பிள்ளை ஒப்பிக்கிறது. இப்படி ஒப்பித்த பிள்ளைகள் எத்தனையோ.

"உள்ள போய்ப் பாருங்க சார். என் பொண்ணு உள்ளதான் இருக்கா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பாருங்க."

எட்டிப் பார்த்தார். பழைய கேஸ் கட்டுகள் வைக்கும் ஆவண அறையைப் பலகை அடித்து இரண்டாக்கி, ஒரு பாதியில் சுவருக்கு மஞ்சள் அடித்து வாத்து வரைந்து பிள்ளைகள் அறை என்று பேர் வைத்திருந்தார்கள். ரப்பர் பந்து வாடை, பினாயில் வாடை, அதற்கும் அடியில் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஈரச் சாக்கு போன்ற பழைய காகித வாடை. துடைப்பக்கார ஆயா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு ஒருவரும் இல்லை.

"உள்ள யாரும் இல்லம்மா. கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க."

அவள் கெஞ்சினாள். இவர் முகத்தை இறுக்கிக்கொண்டார். கடைசியில் பிள்ளையின் கையைத் தானே எடுத்து அவள் கையில் திணித்தார். அப்போதுதான் அவருக்கும் அது தெரிந்தது. அந்தக் கையில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. மேசையைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

திங்கட்கிழமை தாயின் புகாரைப் பற்றி நீதிபதி விசாரித்தபோது, "அந்தம்மாவுக்குப் புத்தி ஒரு நெலையில இல்லங்கய்யா," என்று சொன்னவரும் அவர்தான். சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், கையை வேட்டைநாய் முகர்வதுபோல முகர்ந்து பார்த்தார். ஈரச் சாக்கு வாடை. சோப்புப் போட்டுக் கழுவினார். வீட்டுக்குப் போயும் கழுவினார்.

"என்னங்க, தோலை உரிச்சு எடுத்துடப் போறீங்களா?" என்றாள் மனைவி.

அந்த வாரம் முழுக்க ஒரே எண்ணம் அவரைக் குடைந்தது. அவள் சொன்னது மெய்யாக இருந்தால்? இருந்தால், வாலு உள்ளே இருக்கிறாள். எதையோ வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டியவர் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. இரண்டு மூன்று தடவை அந்த அறை வாசல்வரை போனார். போய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, எவனாவது பார்த்தால் இவருக்கும் புத்தி பிசகியதென்று சொல்வானே என்று திரும்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. தகப்பன் வரவில்லை. தாயும் பிள்ளையும் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

கூச்சல் போடுவாள், மனு கொடுப்பாள், குறைந்தபட்சம் சாபமாவது விடுவாள் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு அவள் பேசாமல் இருந்தது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். பிள்ளை காலை ஆட்டவில்லை. தாய் பிள்ளையின் தலையைக் கோதவில்லை. மின்விசிறிக் காற்றில் மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் படபடத்தது, பெஞ்சில் இருந்த இரண்டு பேரின் தலையிலும் ஒரு முடி அசையவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி, ஒரே பக்கம் சாய்ந்த கழுத்தோடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஆளு வரமாட்டாரு போல ஐயா," என்றாள் ஆயா. "நான் கெளம்பறேன். எனக்கு இங்க ஒரு மாதிரியா இருக்கு. சம்பளத்துக்கு வேலை செய்யலாம், பயந்துக்கிட்டு வேலை செய்ய முடியாது." சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

நேரம் முடிந்தது. தாய் எழுந்து வந்தாள்.

"போன வாரம்... ஏதோ சொன்னீங்களேம்மா," என்றார். கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.

"முன்னர் கூறியதை மறுக்கிறேன். எனக்கு எவ்விதக் குறையும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

கையெழுத்துப் போட்டாள்; பேனாவைத் திரும்ப வாங்கும்போது அவள் விரல் பட்டது. சூடில்லை. குளிரில்லை.

இரண்டு பேரும் வராந்தாவில் நடந்து போனார்கள். காலடி ஒன்றுதான் கேட்டது.

அவர் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அறைக்குள் ஏதோ தட்டியது. எலி என்று நினைத்தார். எலி சுரண்டினால் விடாமல் சுரண்டும். இது நின்றது. யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்பது போல நின்று, மறுபடி தட்டியது. மெதுவாக. பலகையில். சின்னக் கை.

"மீசைத் தாத்தா."

எழுந்தார். சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. போனது. திறந்தார். வாத்துகள் இருட்டில் வாய் பிளந்து நின்றன. பொம்மை அலமாரிக்குப் பின்னாலிருந்து சத்தம். அலமாரியைத் தள்ளினார். பலகையின் அடிப்பக்கம் ஆணி விட்டுத் தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் கட்டுக் கட்டாகக் காகிதம், தரையிலிருந்து கூரைவரை. நடுவில் ஒரு சந்து.

கையை விட்டார்.

ஒரு கை பிடித்தது. சுடச்சுட. வியர்வையில் பிசுபிசுத்து.

இழுத்தார். வாலு வந்தாள். தலையெல்லாம் தூசி. மூக்கு ஒழுகியது. கண் கூசியது அவளுக்கு.

"நேரம் முடிஞ்சுடுச்சா தாத்தா?" என்றாள், காற்றாகப் போகும் வார்த்தையில். "அப்பா இப்பத்தானே கண்ணாமூச்சிக்கு எண்ண ஆரம்பிச்சாரு?"

அவருக்கு அழுகை வந்தது. வாரி எடுத்தார். அப்போது சந்துக்குள், இன்னும் ஆழத்தில், வளையல் சத்தம் கேட்டது. பெரிய ஆளின் கை. பலகையைத் தடவிக்கொண்டு வருகிற கை.

"சார்..." என்றது, மூச்சாக.

அவர் நிற்கவில்லை. சத்தியமாக நிற்க நினைத்தார், கால் கேட்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். வராந்தா. படி. வாசல் கேட்.

கேட்டில் காவலாளியோடு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அவள் நின்றிருந்தாள். தனியாக.

"பாப்பா கைய விட்டுட்டு உள்ள ஓடிடுச்சாம் சார்," என்றான் காவலாளி. "நல்லவேள, நீங்களே தூக்கிட்டு வந்துட்டீங்க."

"குடுக்க மாட்டேன்... இவ இல்லடா. இவ அவ இல்ல."

"யாரு சார்?"

"இது இவளோட அம்மா இல்ல. அம்மா உள்ள இருக்கா!"

காவலாளி அவரைப் பார்த்த பார்வை அவருக்குத் தெரிந்த பார்வைதான். அதை வருடக்கணக்காக அவரே பார்த்திருக்கிறார், மேசைக்கு இந்தப் பக்கமிருந்து.

"அம்மா!" என்று வாலு துள்ளினாள். அவர் இறுக்கினார். பிள்ளை வீறிட்டது. காலால் உதைத்தது. அவர் மணிக்கட்டைக் கடித்தது. காவலாளி அவர் கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தான். "விடுங்க சார். என்ன சார் இது? பெத்தவகிட்டப் புள்ள போகட்டும்."

போனது. ஓடிப்போய் அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தத் தோளில் முகத்தைப் புதைத்தது. அவள் குனிந்து பிள்ளையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்து தெருவுக்குள் போனாள்.

காவலாளி கேட்டைச் சாத்தப் போனான்.

அலுவலர் திரும்பினார். உள்ளே போக வேண்டும். அந்தம்மா. வளையல். சீக்கிரம்.

வராந்தாவின் நடுவில் அது நின்றது. வாலுவின் சட்டை. வாலுவின் ரிப்பன். அசையாத முடி.

அதற்குப் பின்னால், அறைக்குள், பலகையை யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அது அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு, தூக்கிக்கொள்ளச் சொல்லி, இரண்டு கைகளையும் உயர்த்தியது.